தரிசு என்று எழுதப்பட்ட இடம்

அன்புள்ள மச்சான்,

நேற்றுக் காலை அரிமளம் ரோட்டில் பந்தக்கால் நடுவதற்குக் குழி தோண்டினார்கள். மண்வெட்டி முழங்கால் ஆழம் போனதும் மண்ணின் நிறம் மாறியது. செம்மண்ணுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு படலம். அதிலிருந்து அந்த வாடை வந்தது. சோடாவும் இலுப்பை எண்ணெயும் சேர்ந்து வெந்து, சிந்தி, வருடக்கணக்காக மண்ணுக்குள் இறங்கிக் கெட்டிப்பட்ட வாடை. குழி தோண்டிய ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னங்க இது, உள்ள எதுவும் செத்துக் கெடக்கா?" என்றான். நான் ரோட்டோரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். உங்கள் சோப்புக் கொப்பரை இருந்த இடம் அது.

சாயங்காலம் மந்திரி வந்தார். தொழிற்பேட்டைத் திறப்பு விழா. மாலை, மேளம், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வாழ்த்துப் பாட்டு எல்லாம் முடிந்து மைக்கைப் பிடித்தவர், "எந்தத் தொழிலும் எட்டிப் பார்க்காத பொட்டல் இது. ஆடு மேய்ச்சலுக்குக்கூட ஆகாத தரிசு. இங்கே முதன்முதலாகத் தொழில் என்னும் விளக்கை ஏற்றி வைக்கிறோம்" என்றார். கூட்டம் கை தட்டியது. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் உங்கள் சோப்பைத் தேய்த்துக் குளித்தவர்கள், மச்சான். அவர்களும் கை தட்டினார்கள்.

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்று கத்தினேன். "இங்கிட்டு சோப்புக் கம்பெனி இருந்துச்சு! நீங்க நிக்கிற எடத்துலதான் இருந்துச்சு! இடிச்சது யாருன்னு கேளுங்க!" மந்திரி ஒரு கணம் நிறுத்திவிட்டு, சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனார். ஒரு போலீஸ்காரர் வந்து என் தோளில் கை போட்டு, "அண்ணே, வாங்க. வெளிய போய்ப் பேசிக்கலாம்" என்று கூட்டிக்கொண்டு போய் ரோட்டில் விட்டார். பேச அங்கே யாரும் இல்லை.

நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கடைசி வரிசையில் நின்று பொறுமையாகக் கேட்டிருப்பீர்கள். முடிந்ததும் நீங்களும் கை தட்டியிருப்பீர்கள். என் ஆத்திரத்தில் பாதி அவர்கள் மேல் என்றால் மீதி உங்கள் மேல்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

யுத்த சமயத்தில் ரங்கூனிலிருந்து நடந்தே ஊர் வந்தீர்கள். வாசலில் வந்து நின்ற ஆளை அக்காவுக்கு அடையாளம் தெரியவில்லை. பிச்சைக்காரர் என்று நினைத்துச் சோறு எடுக்க உள்ளே போனாள். வெறுங்கையோடுதான் வந்தீர்கள், ஆனால் அங்கே சோப்பு ஆலையில் வேலை பார்த்த பத்து வருடம் தலைக்குள் இருந்தது. இரண்டே வருடத்தில் அரிமளம் ரோட்டில் உங்கள் பங்குப் பொட்டலில் கொட்டகை போட்டு, கொப்பரை ஏற்றிவிட்டீர்கள். எண்ணெயைக் கிண்ட ஒரு சின்ன ஆயில் எஞ்சின். அடுப்படிக்கு மீரான். உங்களோடு ரங்கூனிலிருந்து நடந்து வந்தவன். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன். "மாப்ளே, ஒனக்கு இங்கிலீசு வரும்ல? எழுத்து வேலைக்கு வந்துரு" என்றீர்கள். அன்று பிடித்த பேனா. உங்களுக்காக எத்தனை மனு எழுதியிருப்பேன்! உங்களுக்கே எழுதுவது இதுதான் முதல் தடவை.

நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. ஊரில் சிலருக்கு அது துக்கம். புதுக்கோட்டை ராஜதானியாக இருந்தது போய், திருச்சி ஜில்லாவில் ஒரு மூலையாகப் போகிறதே என்று பேசிக்கொண்டார்கள். நீங்கள் கொட்டகை வாசலில் கொடி கட்டி, வேலையாட்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு சோப்புக் கட்டி கொடுத்தீர்கள். "ராசா போறாருன்னு ஏன்யா அழுவுறீங்க? இனிமே நம்ம சர்க்காரு. நம்மளே எழுதி நம்மளே படிக்கிற சட்டம்" என்றீர்கள். அதோடு நிற்கவில்லை. சோப்பின் மேல் குத்துகிற அச்சை மாற்றி, கொடியில் இருக்கிற சக்கரத்தையே செதுக்கச் சொன்னீர்கள். அந்தச் சோப்பு ஆலங்குடி, கீரமங்கலம் சந்தை வரைக்கும் போனது.

கொஞ்ச நாளில் ஓர் உத்தரவு வந்தது. தேசியச் சின்னத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. நீங்கள் உளியை எடுத்து நீங்களே சக்கரத்தின் ஆரங்களை ஒவ்வொன்றாகச் செதுக்கி எடுத்தீர்கள். வெறும் வட்டம் மிஞ்சியது. "சரியாத்தான் சொல்றாக. கொடியில உள்ளதப் போட்டு அழுக்குத் தேய்க்கச் சொல்றது தப்புத்தானே" என்றீர்கள். சந்தைப் பெண்கள் அதற்கு 'வட்டச் சோப்பு' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர்தான் கடைசி வரை நின்றது.

அது சின்ன விஷயம். அதற்கு நானும் சிரித்திருக்கிறேன். காஸ்டிக் சோடா விஷயத்தில்தான் எனக்கு முதன்முதலாக ரத்தம் கொதித்தது. சோப்புக் காய்ச்சத் தேவையான அந்தச் சோடா கடல் தாண்டி வருகிற சரக்கு. அதை இனி பர்மிட் இருக்கிறவர்களுக்குத்தான் கொடுப்போம் என்றார்கள். முந்தைய வருடங்களில் எவ்வளவு வாங்கினீர்களோ அதைப் பார்த்துக் கோட்டா. நியாயமாகத்தான் பட்டது. ரசீதையெல்லாம் கட்டிக்கொண்டு நாம் இருவரும் பஸ் ஏறி ஜில்லா ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி ரசீதுகளைப் புரட்டிவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

"இதெல்லாம் சமஸ்தானத்துல வாங்கினது."

"ஆமாங்க. எங்க ஊரு அப்ப சமஸ்தானந்தானுங்களே."

"அப்ப அது வேற ராஜ்யம். எங்க கணக்குல நீங்க இப்பத்தான் தொழிலே ஆரம்பிக்கிறீங்க."

"நாங்க எடத்த விட்டு அசையலீங்க. ராஜ்யந்தான் வந்து சேந்துச்சு" என்றீர்கள். உங்கள் வாழ்நாளில் ஓர் அதிகாரியிடம் நீங்கள் எதிர்த்துச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. புதிதாகத் தொழில் தொடங்குகிறவனுக்கு உண்டான கோட்டா கிடைத்தது. அது மாதத்தில் முதல் வாரத்துக்கே பற்றவில்லை. மிச்சத்தை எங்கே வாங்கினோம்? கோட்டா வைத்திருந்த இன்னொருவரிடம், கள்ள விலைக்கு. அவர் ஒரு கட்டி சோப்புக்கூடக் காய்ச்சியதில்லை. பர்மிட்டை மட்டும் காய்ச்சினார். அவர் மாடி வீடு கட்டினார், நீங்கள் கொட்டகைக்குக் கீற்று மாற்ற முடியாமல் இருந்தீர்கள். "இப்பத்தான மாப்ளே சுதந்திரம் வந்துருக்கு. கை பழகட்டும், சரியாப் போகும்" என்றீர்கள். யாருடைய கை பழகுவதற்கு யாருடைய அடுப்பு அணைந்து கிடப்பது?

பிறகு அந்தக் கதர்ச் சட்டைக்காரர் வந்தார். கிராமத் தொழிலை வளர்க்கிற அதிகாரி. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நல்ல மனிதர், நம் வீட்டில் சாப்பிட்டார், அக்கா வைத்த ரசத்தைக் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி. இந்த எஞ்சினைக் கழட்டிடுங்க" என்றார்.

"ஏனுங்க?"

"எஞ்சின் இருந்தா இது ஃபாக்டரி. கையால கிண்டுனா கிராமத் தொழில். வேப்பங்கொட்டை, இலுப்பைக்கொட்டை, இந்த மாதிரி சாப்பாட்டுக்கு ஆகாத எண்ணெயில செய்யுங்க. சோடா நாங்க தர்றோம். பெரிய கம்பெனிக்காரன் உங்களை நெருங்க முடியாது. இதுதான் இப்ப சர்க்கார் கொள்கை."

நீங்கள் அன்றைக்கே எஞ்சினைக் கழற்றினீர்கள். வந்த விலைக்கு விற்றீர்கள். ரங்கூனில் கற்றதை மறந்துவிட்டு, துடுப்பால் கிண்டுகிற வேலையைப் புதிதாகப் படித்தீர்கள். சுற்றுவட்டாரத்துப் பெண்கள் கூடை கூடையாக வேப்பங்கொட்டை பொறுக்கி வந்து குவித்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும். அவை நல்ல வருடங்கள். சோடா ஒழுங்காக வந்தது. அக்கா சாயங்காலத்தில் கொட்டகைக்கு வந்து பெண்களோடு உட்கார்ந்து கட்டிகளுக்குக் காகிதம் சுற்றுவாள். நீங்கள் துடுப்பைப் பிடித்துக்கொண்டே ரங்கூன் பாட்டு ஏதாவது பாடுவீர்கள், வார்த்தை தெரியாமல் மீரான் பின்பாட்டுப் பாடுவான். அந்த வருடங்களில் நானும் உங்கள் கட்சிதான். சர்க்கார் என்றால் இப்படித்தான் என்று டீக்கடையில் பேசியிருக்கிறேன். இன்று அதை நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அறுபதுகள் பிறந்ததும் வேறு ஒருவர் வந்தார். பேண்ட், கறுப்புக் கண்ணாடி. ஜீப்பிலிருந்து இறங்கிக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"என்ன இது? இன்னமும் கையாலயா கிண்டிக்கிட்டு இருக்கீங்க? நாடு எங்கேயோ போயிட்டிருக்கு!"

"எஞ்சின் இருந்துச்சுங்க. போன ஆபீசர் கழட்டச் சொன்னாக" என்றீர்கள்.

"அது அப்ப. இப்ப பாலிசி மாறிப்போச்சு. சிறுதொழில்னா மெஷின் இருக்கணும். மெஷின் இருந்தாத்தான் கடன், மெஷின் இருந்தாத்தான் கோட்டா."

"மறுபடி மாறாதுங்களே?" என்று நான் கேட்டேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அக்காவுக்கும் உங்களுக்கும் நடந்த பேச்சு நினைவிருக்கிறதா? "ஒருத்தன் கழட்டுங்கிறான், ஒருத்தன் மாட்டுங்கிறான். நாம என்ன அவுக வெளையாட்டுச் சாமானா?" என்றாள் அக்கா. நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "மேல இருக்கறவுகளுக்கு நாடு முழுசும் தெரியும், செல்லம். நமக்கு நம்ம கொப்பரை மட்டுந்தான் தெரியும்" என்றீர்கள். மறுநாள் அக்கா கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். எஞ்சின் வந்தது. முன்பு விற்றதைவிடச் சின்னது, முன்பு விற்ற விலையைப் போலப் பல மடங்கு. கிண்டிக்கொண்டிருந்த ஆட்களில் பாதிப் பேரை அனுப்ப வேண்டியதாயிற்று. அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் நீங்கள் கொல்லைப் பக்கம் போய் நின்றீர்கள். நான்தான் சொல்லி அனுப்பினேன்.

அந்த எஞ்சின் சூடு அடங்கும் முன்பே நில எடுப்பு நோட்டீஸ் வந்தது. அரிமளம் ரோட்டில் தொழிற்பேட்டை அமைக்கப் போகிறார்கள். அதற்குத் தேவையான நிலத்தில் நம் பொட்டலும் அடக்கம். படித்துக் காட்டியபோது நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள், மச்சான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. "தொழில் வளக்கத்தான பேட்டை? அப்ப நமக்குத்தான கட்டுறாக! கரண்டு வரும், தண்ணி வரும், ரோடு வரும்" என்று மீரானிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

விசாரணை நடந்த அன்று தாலுகா ஆபீஸ் வராந்தாவில் காலை முதல் நின்றோம். கூப்பிட்டபோது உச்சிவெயில். விசாரித்த அதிகாரி தலை நிமிராமலே கேட்டார்.

"ஆட்சேபணை ஏதாவது உண்டா?"

"ஆட்சேபணை இல்லீங்க. பேட்டைய நல்லாக் கட்டட்டும். எங்க கம்பெனிய மட்டும் அதுக்குள்ளயே விட்டுட்டா..."

"எந்தக் கம்பெனி?"

"அங்க இருக்குதுங்களே, சோப்புக் கம்பெனி."

அவர் காகிதத்தில் விரலை வைத்தார். "ரெக்கார்டுல தரிசுன்னு இருக்கு. கட்டடம் எதுவும் காட்டல. சமஸ்தானத்துல போட்ட கொட்டகையா? மாத்தி எழுதியிருக்கணும்." அதோடு, நஷ்டஈடும் தரிசுக்கு உண்டானதுதான் என்றார். பேட்டையில் கொட்டகை வேண்டுமானால் மனுப் போடலாம் என்றார்.

நான் மேஜையில் கையை ஊன்றிக் கத்த ஆரம்பித்தேன். "கோட்டா கொடுத்தது யாரு? எஞ்சினைக் கழட்டச் சொன்னது யாரு, மாட்டச் சொன்னது யாரு? எல்லாம் உங்க சர்க்கார்தானே? தரிசுக்கா கோட்டா கொடுத்தீங்க?" நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். துடுப்புப் பிடித்த கை. வலித்தது. "விடு மாப்ளே. அவரு என்ன செய்வாரு? அவருக்கு எழுதிக் குடுத்ததத்தான அவரு படிக்கிறாரு" என்று சொல்லி, அந்த மனிதரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தீர்கள்.

அந்தக் கும்பிடு இன்னமும் என் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

பேட்டையில் இடம் கேட்டு மனுவும் போட்டோம். என் கையால்தான் எழுதினேன். பதில் வந்தது. பேட்டை புதுத் தொழில்களுக்காம். நம்முடையது ஏற்கெனவே நடக்கிற தொழிலாம். அதனால் தகுதி இல்லை. ஒரே சர்க்கார், மச்சான்! நிலத்தை எடுக்கும்போது அங்கே தொழிலே இல்லை என்றது, இடம் கேட்டபோது தொழில் ஏற்கெனவே இருக்கிறது என்றது. நான் அதைப் படித்துக் காட்டியதும் நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். ஒரு வாரம் உங்களோடு பேசவில்லை.

இடிக்க வந்த அன்று அக்கா கொப்பரையை ஒட்டிப் போய் நின்றுகொண்டாள். தலைமுடியைக்கூட முடியவில்லை. "என்னத் தாண்டித்தான் இதத் தொடணும். வாங்கடா!" என்றாள். வந்த கூலியாட்கள் கடப்பாரையோடு தயங்கினார்கள். அவர்களும் நம் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். மீரான் அவள் பக்கத்தில் போய் நின்றான். வேப்பங்கொட்டைப் பெண்கள் நாலைந்து பேர் வந்து சேர்ந்தார்கள். நானும் போனேன். அன்றைக்கு நாம் நின்றிருக்கலாம், மச்சான். ஜீப்பில் வந்தவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றதை நான் பார்த்தேன். மேலே கேட்டுவிட்டு வருகிறேன் என்றுகூடச் சொன்னார்.

நீங்கள்தான் வந்து அக்காவின் தோளைத் தொட்டீர்கள். "வீட்டுக்குப் போ, செல்லம். நாலு பேர் பாக்க வேணாம். போ" என்றீர்கள். அவள் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போனாள். நீங்கள் ஏணி வைத்து ஏறி, முதல் கீற்றை உங்கள் கையாலேயே பிய்த்துப் போட்டீர்கள். "கட்டுன கையாலயே பிரிச்சுட்டா மனசுக்கு லேசு" என்று என்னிடம் சொன்னீர்கள். யார் மனசுக்கு? அன்று மீரான் அழுததையும், அக்கா அதன்பின் மாதக்கணக்கில் உங்களோடு முகம் கொடுத்துப் பேசாததையும் நீங்கள் பார்க்கவில்லையா?

அதற்குப் பிறகு நீங்கள் செய்ததுதான் எனக்கு உச்சம். ஒரு பெரிய கம்பெனியின் சோப்புக்குக் கமிஷன் ஏஜெண்டாகப் போனீர்கள். எந்தக் கம்பெனியிடமிருந்து நம்மைக் காப்பாற்றுவதாகச் சொல்லி எஞ்சினைக் கழற்றச் சொன்னார்களோ, அதே கம்பெனி. சைக்கிள் காரியரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கீரமங்கலம் சந்தைக்குப் போவீர்கள். ஒரு தடவை நானும் வந்தேன். பூ விற்கிற ஒரு பெண் பெட்டியைப் பார்த்துவிட்டு, "வட்டச் சோப்பு இல்லீங்களா? அதுலதான் அழுக்கு நல்லாப் போகும்" என்றாள். நீங்கள், "அது நின்னு போச்சு, தாயி. இதுவும் நல்லாத்தான் இருக்கு. வாசமா இருக்கும், மோந்து பாரு" என்றீர்கள். செய்தது நீங்கள் என்று அவளிடம் சொல்லவில்லை. நான் சொல்ல வாயெடுத்தபோது கண்ணாலேயே தடுத்தீர்கள்.

பிறகொரு நாள் அதே சந்தையிலிருந்து தனியாகத் திரும்பும்போதுதான் பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். அன்று சைக்கிள் பஞ்சராம், அதனால் பஸ்ஸில் வந்தீர்களாம். கண்டக்டர்தான் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார். பக்கத்தில் இருந்தவரிடம், "கொஞ்சம் நகந்துக்கங்க, ஒங்களுக்கு எடைஞ்சலா இருக்கேன்" என்று சொன்னீர்களாம். அதுதான் உங்கள் கடைசிப் பேச்சு. சாவிலும் யாருக்கும் இடைஞ்சல் கொடுக்கவில்லை நீங்கள்!

நேற்று என்னை ரோட்டில் கொண்டுவந்து விட்டார்கள் என்றேன் அல்லவா? அங்கிருந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் மீரான் உட்கார்ந்திருந்தான். கொப்பரை போன பிறகு அவன் பேட்டைக்குக் கிழக்கே தன் துண்டு நிலத்தில் கடலை உடைக்கிற மில் ஒன்று வைத்துப் பிழைக்கிறான். அவனும் மகனும் இன்னும் சிலரும் அதில்தான் சாப்பிடுகிறார்கள். கையில் ஒரு காகிதம். பேட்டையை விஸ்தரிக்கப் போகிறார்களாம். கிழக்குப் பக்க நிலத்தை நாளை அளக்க வருகிறார்களாம்.

"மொதலாளி இருந்தா என்ன சொல்லிருப்பாக?" என்று கேட்டான். இன்னமும் உங்களை அப்படித்தான் சொல்கிறான்.

"குடுத்துட்டுக் கும்பிடச் சொல்லிருப்பாரு. அதனாலதான் சொல்றேன், குடுக்காத. அளக்கவும் விடாத."

அவன் திகைத்துப் போனான். உங்களைப் பற்றி நான் அப்படிப் பேசி அவன் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. உங்களைப் போல ஒரு நல்ல மனிதரை நான் பார்த்ததில்லை, மச்சான். கடைசி ஆளுக்குக் கூலி கொடுத்துவிட்டுத்தான் உங்கள் வீட்டுக்கு அரிசி வாங்குவீர்கள். சர்க்கார் நம்முடையது என்று நம்பினீர்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. நம்முடையது என்றால் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம் என்பதை மட்டும் ஏன் நம்பவில்லை? இன்று நான் சுமந்துகொண்டு திரிகிற கோபத்தில் என் பங்கு கொஞ்சம்தான். நீங்கள் படாமல் மிச்சம் வைத்துவிட்டுப் போனதும் என் தலையில்தான் இருக்கிறது. உங்கள் மேல் உள்ள பிரியமும் அதனோடேயே கிடக்கிறது. இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

மீரானுக்காக மனு எழுத உட்கார்ந்தேன். பாதியில் பேனாவை மூடிவிட்டேன். மனுக்கள் போதும். நாளை விடிந்ததும் அவன் நிலத்துக்குப் போய் வரப்பில் நிற்கப் போகிறேன்.

இதை அக்காவிடம் சொன்னபோது அவள் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சேலையை உதறிப் போட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.

"நானும் வாரேன், தம்பி. அன்னைக்கி அவுக போன்னு சொன்னாக, போயிட்டேன். நாளைக்கி யாரு சொன்னாலும் போக மாட்டேன்."